ஏரி நிறைந்தால் விருந்து: ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் கழனிக் கிராமங்களின் கோரிக்கைச் சாசனம்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கபெருமாள்கோவிலுக்குப் போகும் சாலையில், கம்பெனி மதில்களுக்குப் பின்னால் இன்னும் கழனி இருக்கிறது. அந்தக் கழனிகளில் பாடுபடுகிறவர்கள் எழுதும் சாசனம் இது. சொந்த நிலத்தில் பயிர் வைக்கிறவர்கள், குத்தகைக்கு எடுத்தவர்கள், நடவுக்கும் களையெடுப்புக்கும் கூலிக்குப் போகும் பெண்கள், ஆடுமாடு மேய்க்கிறவர்கள், மகளிர் குழுக்களில் இருப்பவர்கள் எல்லாரும் சேர்ந்து இதைப் பொதுவில் வைக்கிறோம். தமிழ்நாடு அரசுக்கும், தொழிற்பேட்டைகளை நடத்தும் சிப்காட்டுக்கும், சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்துக்கும், மாவட்ட நிர்வாகத்துக்கும், இங்கே தொழில் நடத்தும் நிறுவனங்களுக்கும் எழுதுகிறோம். எங்கள் ஊராட்சிகளுக்கும் சேர்த்தே எழுதுகிறோம். எங்கள் பக்கமும் தவறு உண்டு, அதையும் கீழே சொல்லியிருக்கிறோம்.

எங்கள் கழனிகள் விளையும் கழனிகளாகவே இருக்க வேண்டும். அங்கே விருந்தினரை அழைத்து, தங்கவைத்து, சோறிட்டு, நியாயமான வருமானம் பெற எங்களுக்கு வழி வேண்டும். இரண்டும் நடக்க ஏரியில் தண்ணீர் நிற்க வேண்டும். பண்ணைச் சுற்றுலா என்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் விருந்தினர் அறையிலிருந்து பேச்சைத் தொடங்குகிறார்கள். நாங்கள் மதகிலிருந்து தொடங்குகிறோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை

இந்த யோசனை எந்த அலுவலகத்திலிருந்தும் வரவில்லை. ஒரு நவரைப் பட்டத்தில், ஞாயிற்றுக்கிழமை காலை, கம்பெனி விடுதியில் தங்கியிருக்கும் நான்கு பெண்கள் ஏரிக்கரையில் நடந்து வந்தார்கள். கீழே நடவு நடந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, “அக்கா, நாங்களும் இறங்கட்டுமா?” என்று கேட்டார்கள். ஒருத்திக்குப் போளூர் பக்கம். சேற்றில் கால் வைத்து இரண்டு வருஷம் ஆகிறது என்றாள். இன்னொருத்தி ஒடிசாக்காரப் பெண். மொழி தெரியாது, ஆனால் நாற்றுமுடியைக் கையில் வாங்கியதும் எங்கள் பெண்களைவிட வேகமாக நட்டாள். பத்து மணிக்குக் கேழ்வரகுக் கூழும் மோர்மிளகாயும் கொடுத்தோம். காசு கொடுக்க வந்தார்கள், வாங்கவில்லை. அவர்கள் போன பிறகு பார்த்தால் சொம்புக்கு அடியில் ஐம்பது ரூபாய் மடித்து வைத்திருந்தது. அடுத்த வாரம் ஒன்பது பேர் வந்தார்கள்.

அதன்பிறகு ஊருக்குள் ஒரு வாக்குவாதமே நடந்தது. சோற்றுக்குக் காசு வாங்குவதா என்று பெரியவர்கள் கோபப்பட்டார்கள். வாரம் ஒன்பது பேருக்குக் கூழ் காய்ச்சுகிற பெண்ணின் உழைப்புக்கு யார் கூலி கொடுப்பது என்று பெண்கள் கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. காசு வாங்கலாம், ஆனால் யாரையும் பசியோடு திருப்பி அனுப்பக்கூடாது என்று முடிவாயிற்று.

வல்லம் வடகாலில் மட்டும் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பை 2024 ஆகஸ்டில் அரசு திறந்தது. அவர்களில் பலர் உழவர் வீட்டுப் பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் போக ஓர் இடம் வேண்டும். ஒரு மணி நேரத் தொலைவில் சென்னை இருக்கிறது. நெல்லை அரிசியாக மட்டும் பார்த்திருக்கும் குழந்தைகள் அங்கே லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். வருகிறவர்களுக்குக் குறைவே இல்லை. அவர்கள் வந்து பார்க்கக் கழனி மிஞ்சுமா என்பதுதான் எங்கள் கவலை.

எங்கள் நிலை

தொழிற்சாலைகளை எதிர்த்து நாங்கள் இதை எழுதவில்லை. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1996-இல் அடிக்கல் நாட்டி, 1998-இல் முதல் காரை வெளியே விட்டது. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ–நிசான், 2012-இல் டைம்லர், 2013-இல் ராயல் என்ஃபீல்டு என்று வரிசையாக வந்தன. எங்கள் பிள்ளைகள் அங்கே வேலைக்குப் போகிறார்கள். அந்தச் சம்பளத்தில் வீடு கட்டியவர்கள் எங்களிலேயே உண்டு. ஆனால் ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியதையும் பார்த்தோம். எட்டு ஆண்டுதான். வேலையிழந்த பிள்ளைகள் வீடு திரும்பியபோது, நிலம் வைத்திருந்த குடும்பம் தாக்குப்பிடித்தது. விற்றுவிட்ட குடும்பத்துக்கு அது முடியவில்லை. இந்த வட்டாரத்துக்குக் கம்பெனியோடு சேர்ந்து இன்னொரு காலும் வேண்டும் என்று நாங்கள் சொல்வது அந்த அனுபவத்திலிருந்துதான்.

நிலம் எப்படிப் போகிறது என்பதையும் சொல்லிவிடுகிறோம். நல்ல விலை கிடைக்கிறது என்று மட்டும் யாரும் விற்பதில்லை. முதலில் வரத்துக்காலில் மண் கொட்டுவார்கள், அல்லது ஒரு மதில் குறுக்கே வரும். ஏரி பாதிதான் நிறையும். சம்பா மட்டும் ஒரு போகமாக மிஞ்சும். நவரையும் சொர்ணவாரியும் நின்றுபோகும். இரண்டு வருஷம் தரிசாகக் கிடந்தால் புரோக்கர் வருவார். ‘தரிசு நிலம்’ என்று பத்திரத்தில் எழுதும்போது, அது எப்படித் தரிசாயிற்று என்று யாரும் கேட்பதில்லை.

வேடந்தாங்கல் தரும் சாட்சி

உழவும் விருந்தினரும் ஒன்றாக வாழமுடியுமா என்று சந்தேகப்படுகிறவர்கள் மதுராந்தகம் பக்கம் போய்ப் பார்க்கலாம். வேடந்தாங்கல் ஏரி ஏறத்தாழ 30 ஹெக்டேர்தான். அது பாசன ஏரி. பறவை எச்சம் கரைந்த தண்ணீர் பயிருக்கு உரம் என்பது அந்த ஊர் உழவர்களுக்குத் தலைமுறைகளாகத் தெரியும். அதனால் பறவையைக் காத்தார்கள். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, ஊர்க்காரர்கள் செங்கல்பட்டு ஆட்சியர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, பறவைகளைக் காக்கும் உரிமையை 1798-இல் எழுத்தில் வாங்கினார்கள். தீபாவளிக்கு அங்கே வெடி வெடிப்பதில்லை. நத்தைகுத்தி நாரையும் கூழைக்கடாவும் கரண்டிவாயனும் பார்க்க நவம்பர் முதல் சென்னையிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். 2022-இல் அது ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. அந்த ஊர் பறவைகளைக் காத்தது சுற்றுலாவுக்காக இல்லை. வயலுக்காகக் காத்தார்கள், சுற்றுலா பின்னால் வந்தது. எங்கள் திட்டமும் அதே வரிசையில்தான் நடக்க வேண்டும்.

அதே வேடந்தாங்கலில், ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் என்று 1998-இல் அறிவித்த சரணாலய எல்லையைச் சுருக்கும் முன்மொழிவு 2020-இல் எழுந்தது. அவ்வளவு பெயர்பெற்ற ஏரிக்கே அந்த நிலை என்றால், பெயர் தெரியாத எங்கள் தாங்கல்களுக்கும் சித்தேரிகளுக்கும் யார் பொறுப்பு?

எங்கள் பக்கத்தில் பார்க்க வேறு எதுவும் இல்லையா என்று கேட்பார்கள். 1017-இல் இராமானுசர் பிறந்த ஊர் ஸ்ரீபெரும்புதூர். பெரியபுராணம் பாடிய சேக்கிழார் குன்றத்தூர்க்காரர். பல்லவரும் சாளுக்கியரும் 7-ஆம் நூற்றாண்டில் மோதிய மணிமங்கலம் பக்கத்தில்தான் இருக்கிறது. வல்லக்கோட்டை முருகனைப் பார்க்கக் கிருத்திகைக்குக் கூட்டம் நெரிகிறது. ஒரகடத்துக்கு அருகே வடக்குப்பட்டில் 2022-இல் இந்தியத் தொல்லியல் துறை தோண்டியபோது, கற்காலக் கருவிகளிலிருந்து ரோமானியச் சாடித் துண்டுகள் வரை கிடைத்தன. இவையெல்லாம் வழியில் பார்க்க நல்ல இடங்கள். ஆனால் கோவிலுக்கு வந்து சாமி கும்பிட்டுவிட்டுப் போகிறவரால் கிராமத்துக்கு வருமானம் இல்லை, வண்டி நிறுத்துமிடத்துக்குத்தான் வருமானம். அவர் கழனி வரைக்கும் வரவேண்டும்.

முதல் கோரிக்கை: தண்ணீர்

மற்றக் கோரிக்கைகள் எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டு இதை மறுத்தால், எதையும் ஏற்கவில்லை என்றே எடுத்துக்கொள்வோம்.

காஞ்சிபுரம் மாவட்டத்தில் நீர்வளத் துறையின் பொறுப்பில் 381 ஏரிகள் உள்ளன. 2019-இல் பிரிந்துபோன செங்கல்பட்டில் 528. ஊராட்சிப் பொறுப்பில் இருக்கும் சின்ன ஏரிகள், தாங்கல்கள், குட்டைகள் தனி. இவை ஒன்றோடொன்று கோத்தவை. மேல் ஏரியின் கலங்கல் வழிந்தால் அந்தத் தண்ணீர்தான் கீழ் ஏரிக்கு வரத்து. நடுவில் ஒரு கால்வாயை அடைத்தால் கீழே நான்கு ஊருக்குப் பயிர் இல்லை. மழை மிகுந்தால் அதே தண்ணீர் வழிதெரியாமல் வீடுகளுக்குள் போகும். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்ததைத்தான் எல்லாரும் பேசுகிறார்கள். ஆனால் அந்த உபரி அடையாற்றில் சேரும் இடத்துக்கும் மேலே இருக்கும் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. அங்கே வந்தது ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரி. ஆகவே எங்கள் ஏரிகளைச் சீர்செய்வது எங்களுக்குச் செய்யும் தயவு ஆகாது. தாம்பரத்துக்கும் சைதாப்பேட்டைக்கும் அது காப்பு.

நாங்கள் கேட்பவை இவை. ஸ்ரீபெரும்புதூர், குன்றத்தூர், வாலாஜாபாத் வட்டங்களில் ஒவ்வோர் ஏரியின் நீர்ப்பிடிப்பையும் வரத்துக்காலையும் கலங்கலையும் போக்குக்காலையும் பழைய புல வரைபடத்தை வைத்து அளந்து கல் நட வேண்டும். அந்த வரைபடத்தை ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுத வேண்டும். ஏரிகளைக் காக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-இலேயே சட்டம் வந்துவிட்டது. அதைக் குடிசைகள்மேல் மட்டும் பாய்ச்சாமல் மதில்கள்மேலும் செலுத்த வேண்டும். தொழிற்பேட்டைக்குள் பழைய வரத்துக்கால் எங்கே ஓடியதோ, அங்கே பழைய அகலத்தில் திறந்த கால்வாயைச் சிப்காட் திரும்பக் கொடுக்க வேண்டும். மழைநீர் ஒரு வழியிலும் ஆலைக் கழிவுநீர் வேறு வழியிலும் போகவேண்டும். சம்பா நாற்றுவிடும் முன்பு ஒருமுறையும் அறுவடைக்குப் பின்பு ஒருமுறையும் ஏரித் தண்ணீரைச் சோதித்து, முடிவைத் தமிழில் கிராம சபையில் படிக்க வேண்டும். குழந்தைகளைத் தண்ணீரில் இறக்கி நாற்று நடச் சொல்லப்போகிறோம். அந்தத் தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது என்று தெரியாமல் ஒரு விருந்தினரைக்கூட அழைக்கமாட்டோம்.

2023-இல் நிறைவேறிய சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்புச் சட்டம், 100 ஹெக்டேருக்குக் குறையாத திட்டங்களுக்குள் ஏரியும் ஓடையும் வந்தால் அந்த அரசு நிலத்தையும் சேர்த்துக் கொடுக்க வழிசெய்கிறது. ஏரிச் சங்கிலியில் வாழும் எங்களுக்கு அதைப் படித்த அன்று தூக்கம் வரவில்லை. இந்த வட்டாரத்தில் அந்தச் சட்டத்தைப் பயன்படுத்தமாட்டோம் என்று அரசு எழுத்தில் சொல்ல வேண்டும்.

மதகு திறக்க ஆள் வேண்டும். முன்பு நீர்க்கட்டி இருந்தார். அவருக்குக் களத்தில் நெல் அளந்து கொடுப்பார்கள். அந்த வேலையை ஒரு சாதியின் தலையில் கட்டி, இரவிலும் மழையிலும் ஏவினோம் என்பதை மறைக்க விரும்பவில்லை. இனி அது ஊராட்சி மாதச் சம்பளம் தரும் பணியாக, யாரும் விண்ணப்பிக்கக்கூடிய பணியாக, பெண்களுக்கும் திறந்த பணியாக வரவேண்டும்.

ஏரியைப் பார்த்துக்கொள்ளக் குழு வேண்டும் என்றதும் உத்திரமேரூரைச் சொல்வார்கள். முதலாம் பராந்தகன் காலத்தில், 919-இலும் 921-இலும் வெட்டிய கல்வெட்டுகள் அங்கே உள்ளன. குடவோலையில் தேர்ந்தெடுத்த ஏரி வாரியத்தில் ஆறு பேர். நிலமும் வேதப் படிப்பும் உள்ளவர்களுக்குத்தான் அதில் இடம். உழுதவருக்கும் பெண்ணுக்கும் இடம் இல்லை. அந்தப் பகுதி எங்களுக்கு வேண்டாம். ஆனால் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவருடைய உறவினரையும் மறுபடி தேர்ந்தெடுக்கக்கூடாது என்று அதே கல்வெட்டு சொல்கிறது. அந்த விதி அப்படியே வேண்டும். குழுவில் பாதிப் பேர் பெண்களாகவும், நிலமில்லாத கூலிக்காரர்கள் கட்டாயமாகவும் இருக்க வேண்டும்.

இரண்டாவது: கழனி கழனியாக இருக்க

காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவிக்க 2020-இல் சட்டம் வந்தது. தொண்டை மண்டலத்து ஏரி ஆயக்கட்டுக்கு அப்படி ஒரு காப்பு கிடையாது. 2022 அக்டோபரில் சென்னைப் பெருநகர் எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரித்தார்கள். நாங்களும் அதற்குள் வந்துவிட்டோம். இந்த எல்லைக்கு எந்த நிலப் பயன்பாட்டுத் திட்டம் வந்தாலும், அதில் ஏரி ஆயக்கட்டு முழுவதையும் ‘ஏரிப் பாசன வேளாண் பகுதி’ என்று தனி நிறத்தில் காட்ட வேண்டும். கிராம சபையின் ஒப்புதல் இல்லாமல் அந்த நிறத்தை மாற்றக்கூடாது.

பரந்தூர் விமான நிலையத்துக்கு என்று 2022-இல் அறிவித்த 13 கிராமங்களும் எங்களைப்போல ஏரியை நம்பியவைதான். ஏகனாபுரம் மக்கள் கிராம சபைகளில் திரும்பத் திரும்ப மறுத்திருக்கிறார்கள். அங்கே விளையும் நிலத்தை எடுத்துக்கொண்டு இங்கே பண்ணைச் சுற்றுலாப் பலகை நட்டால் அதற்கு நாங்கள் துணைபோகமாட்டோம்.

அடுத்தது ‘பண்ணை’ என்ற சொல்லைக் காப்பது. சாலையோரம் பலகைகளைப் பாருங்கள். பண்ணை நிலம், பண்ணை வீடு, இயற்கைப் பண்ணை மனை என்றெல்லாம் எழுதியிருக்கும். ஐந்து மாங்கன்று நட்டு, கம்பிவேலி போட்டு, நீச்சல் குளம் வெட்டி, சனிக்கிழமை இரவு ஒலிபெருக்கி வைத்தால் அதுவும் பண்ணைச் சுற்றுலாவாம். அரசின் மானியம் வந்தால் முதலில் வரிசையில் நிற்பவர்கள் அவர்களாகவே இருப்பார்கள். அதனால்தான் வரையறை முதலில் வேண்டும் என்கிறோம்.

இத்தாலி 1985-இலேயே பண்ணை விருந்தோம்பலுக்குத் தனிச் சட்டம் போட்டது. உழவுதான் முதன்மை, விருந்து அதற்குத் துணை என்பது அதன் அடிப்படை. 2006-இல் திருத்தி எழுதிய சட்டத்தில், உழவுக்குச் செல்லும் வேலைநேரம் விருந்தினருக்குச் செல்லும் நேரத்தைவிடக் கூடுதலாக இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். பத்து விருந்தினருக்குள் என்றால் அந்தக் கணக்கும் கேட்பதில்லை. நம் நாட்டில் பாராமதிப் பக்கத்தில் 2005 வாக்கில் தொடங்கிய முயற்சி வளர்ந்து, மகாராஷ்டிரம் 2020-இல் வேளாண் சுற்றுலாவுக்கென்றே கொள்கை வகுத்தது. தமிழ்நாடு 2023-இல் வெளியிட்ட சுற்றுலாக் கொள்கை கிராமிய, சூழல் சுற்றுலாக்களுக்கு முன்னுரிமை தருகிறது. ஆனால் அரை ஏக்கர் கழனிக்காரருக்கு அதில் எந்தக் கதவு திறக்கிறது என்று தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

எங்கள் வரையறை இது. ஆண்டுக்கு ஒரு போகமாவது பயிர் வைக்கும் நிலமாக இருக்க வேண்டும். ஒரு நேரத்தில் பத்து விருந்தினருக்கு மேல் தங்கக்கூடாது. தங்குமிடம் ஊர் நத்தத்தில் ஏற்கெனவே இருக்கும் வீடாக இருக்க வேண்டும். நன்செய்யில் ஒரு செங்கல்லும் வைக்கக்கூடாது. விருந்தினருக்கென்று ஆழ்துளைக் கிணறு போடக்கூடாது, நீச்சல் குளம் கூடவே கூடாது. பரிமாறும் சாப்பாட்டில் பெரும்பகுதி அந்த ஊரிலும் பக்கத்து ஊரிலும் விளைந்ததாக இருக்க வேண்டும். இந்த வரையறைக்குள் வராதவர் ‘பண்ணை’ என்று பலகை வைத்தால் அபராதம் போடுங்கள். நில உரிமையாளர் மட்டும் பதிவு செய்யலாம் என்று விதி எழுதினால், உழைப்பவர்களில் பெரும்பகுதி வெளியே நிற்பார்கள். அடங்கலில் பயிர்செய்பவராகப் பெயர் உள்ள குத்தகைதாரருக்கும் உரிமை வேண்டும். அடங்கலில் பெயர் ஏற்ற மறுக்கும் வழக்கத்தையும் கிராம நிர்வாக அலுவலர்கள் கைவிட வேண்டும்.

மின்சாரம், உரிமம், கடன்

இலவச மின்சாரத்தில் ஓடும் மோட்டார் கொட்டாய் எங்கள் உயிர். விருந்தினர் அறைக்கு ஒரு மின்விசிறி போட்டதற்காக வேளாண் இணைப்பை வணிக இணைப்பாக மாற்றிவிடுவார்களோ என்று ஒவ்வொருவரும் பயப்படுகிறோம். அறைக்குத் தனி மீட்டர், வீட்டுக் கட்டணம், வேளாண் இணைப்பில் கைவைக்கக்கூடாது: இப்படி ஓர் அரசாணை போதும். வீட்டு வரியையும் அதேபோல் வணிக வரியாக்கக்கூடாது.

ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் இருக்கும் சிறு உணவுத் தொழிலுக்கு உணவுப் பாதுகாப்புப் பதிவுக் கட்டணம் 100 ரூபாய்தான். அந்த 100 ரூபாய்ப் பதிவுக்கு எத்தனை நாள் கூலியை இழந்து அலைகிறோம் என்பதுதான் பிரச்சினை. மாதம் ஒருநாள் ஊராட்சி அலுவலகத்தில் முகாம் நடத்தி, சுற்றுலாப் பதிவு, உணவுப் பதிவு இரண்டையும் ஒரே மேசையில் முடித்துக் கொடுங்கள். கடன் மகளிர் குழுக் கூட்டமைப்பு வழியாக வரட்டும். கழிவறை கட்ட, கூரை ஓடு மாற்ற, பாத்திரம் வாங்க என்று சின்னச் சின்னத் தொகைகள்தான் வேண்டும். ஏரி நிறையாத ஆண்டிலும் வெள்ளம் வந்த ஆண்டிலும் தவணையைத் தள்ளிவைக்க வேண்டும், வட்டி ஏறக்கூடாது.

நிலமில்லாதவர் பங்கு

எங்களுக்குள்ளேயே இதைப் பற்றித்தான் அதிகம் பேசினோம்.

செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமன்ஹீர், இந்த மாவட்டத்துத் தலித் மக்களின் நிலையை 1891-இல் அறிக்கையாக எழுதினார். அதைத் தொடர்ந்து 1892-இல்தான் அவர்களுக்குப் பஞ்சமி நிலம் ஒதுக்கும் ஆணை வந்தது. அந்த நிலங்களில் எவ்வளவு இன்று உரியவர் கையில் இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். 1994-இல் செங்கல்பட்டை அடுத்த காரணையில் பஞ்சமி நிலம் மீட்கப் போராடியவர்களில் இரண்டு பேர் துப்பாக்கிச்சூட்டில் உயிரிழந்தார்கள். பண்ணைச் சுற்றுலா என்று நிலம் உள்ளவருக்கு மட்டும் வருமானம் வந்தால், பழைய ஏற்றத்தாழ்வுக்கு வாடகையும் சேர்ந்துவிடும். இந்த வட்டாரத்துப் பஞ்சமி நிலப் பட்டியலை வெளியிட வேண்டும். கைமாறியதை மீட்டு உரிய குடும்பங்களுக்குக் கொடுத்து, பண்ணை விருந்துக்கு முதல் பதிவும் முதல் கடனும் அவர்களுக்கே தரவேண்டும்.

ஏரிக்கரை நடை, பறவை காட்டுதல், நாற்று நடக் கற்றுக்கொடுத்தல், பனை ஏறி நுங்கு வெட்டுதல் எல்லாம் நிலம் இல்லாதவருக்கும் தெரிந்த கலைகள். இவற்றுக்குக் கட்டணம் தனியே, செய்பவர் கைக்கே போகவேண்டும். விருந்தினர் படம் எடுத்துக்கொள்வதற்காக நடவு நடுகிற பெண்ணுக்கு வழக்கமான கூலியோடு கூடுதல் தொகை தரவேண்டும், முதலில் அவளிடம் அனுமதி கேட்க வேண்டும். தெருக்கூத்துக் கலைஞர்களை அழைத்தால் அரை மணி நேரத் துண்டுக்கூத்து ஆடச் சொல்லக்கூடாது. விடிய விடிய ஆடுகிற கலை அது. பாரதக் கூத்து நடக்கும் நாளில் விருந்தினர் வந்து ஊரோடு உட்கார்ந்து பார்க்கட்டும்.

பதிவு பெற்ற எந்த வீட்டிலும், வருகிறவர் என்ன சாதி, என்ன மதம், எந்த மாநிலம் என்று கேட்டு இடம் மறுத்தால் பதிவை அன்றே நீக்க வேண்டும். சமைப்பவர் யார் என்று கேட்டுச் சாப்பிட மறுக்கும் விருந்தினரை நாங்கள் வேண்டாம் என்று சொல்லிவிடுவோம்.

நிறுவனங்களிடம்

2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டால் உடல்நலம் கெட்ட பெண் தொழிலாளர்களுக்காக அவர்களுடைய தோழிகள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். மதிலுக்கு இந்தப் பக்கம் அரிசியும் கீரையும் கத்திரிக்காயும் விளைந்துகொண்டிருந்தன.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். 18,720 பேருக்கு ஒருவேளைக்கு ஆளுக்கு 150 கிராம் அரிசி என்றால் 2,800 கிலோவுக்கு மேல். ஏக்கருக்கு 25 மூட்டை நெல் என்று வைத்தால், அரைத்த அரிசி ஏறக்குறைய 1,200 கிலோ. அந்த ஒரு குடியிருப்பின் ஒருவேளைச் சோறு, எங்கள் இரண்டு ஏக்கருக்கு மேல் ஒரு போகத்து விளைச்சல். எல்லாவற்றையும் நாங்களே தருவோம் என்று சொல்லவில்லை, தரவும் முடியாது. கீரை, காய்கறி, வேர்க்கடலை, மோர், வாரம் ஒருநாள் பூங்கார் அல்லது தூயமல்லி அரிசிக் கஞ்சி என்று பத்தில் ஒரு பங்கை எங்களிடம் வாங்குங்கள் என்று கேட்கிறோம். கேரளத்தில் குமரகத்தில் 2008-இல் தொடங்கிய பொறுப்புச் சுற்றுலாவில் பெரிய ஓட்டல்கள் உள்ளூர்ப் பெண்கள் குழுக்களிடம் காய்கறி வாங்க ஒப்புக்கொண்டன. ஓட்டலால் முடிந்தது கேன்டீனால் முடியும். விலையைப் பருவத் தொடக்கத்திலேயே பேசி, பணத்தைப் பதினைந்து நாளுக்குள் கொடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை விடுதிகளிலிருந்து கிராமங்களுக்குப் பேருந்து விடுங்கள். பெண்கள் விடுதியை விட்டு வெளியே போகவே அனுமதிச் சீட்டு கேட்கும் வழக்கம் எங்கே இருந்தாலும் அதை நிறுத்துங்கள். சமூகப் பொறுப்பு நிதி என்று 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒதுக்கும் 2 சதவிகிதத்தில் ஏரி தூர்வாரினால், எவ்வளவு மண், எந்த ஆழம், மண் எங்கே போயிற்று என்ற கணக்கைக் கிராம சபையில் வையுங்கள். ஏரியைச் சுற்றிக் கான்கிரீட் நடைபாதையும் விளக்குக் கம்பமும் பெயர்ப்பலகையும் வேண்டாம். கரையில் பனை நடுங்கள்.

நாங்கள் கொடுக்கும் வாக்கு

எங்கள் ஊராட்சிகளின் குப்பை ஏரிக்கரையில் கொட்டப்படுகிறது. கொட்டுகிறவர்கள் நாங்கள்தான். மதில் கட்டியவரைக் கேள்வி கேட்கும் முன் அதை நிறுத்துவோம். ஏரிக்குள் பயிர் வைத்திருக்கும் எங்கள் ஆட்கள் கல் நடும் நாளில் தாங்களே வெளியேறுவார்கள். சிலர் இதற்கு இன்னும் ஒப்பவில்லை, பேசிக்கொண்டிருக்கிறோம். பறவை தங்கும் மாதங்களில் வெடியும் ஒலிபெருக்கியும் இல்லை. விருந்தினர் வரும் கழனியில் பூச்சிமருந்து தெளித்தால் அன்று யாரையும் அழைப்பதில்லை, தெளித்ததை மறைப்பதும் இல்லை. ரசாயனத்தை முழுவதுமாக விட்டுவிட்டோம் என்று பொய் சொல்லி இயற்கைப் பண்ணை என்று பலகை வைக்கமாட்டோம். விட முயல்கிறவர்கள் எந்தக் கழனியில், எத்தனை பட்டமாக என்று எழுதி வைப்பார்கள்.

ஊர் தாங்கும் அளவுக்குமேல் விருந்தினர் வேண்டாம். ஒரு கிராமத்துக்கு ஒரு நாளைக்கு எத்தனை பேர் என்பதைக் கிராம சபை முடிவு செய்யும். அறுவடை நேரத்தில் வேலை முதலில், விருந்து பிறகு.

நாள் குறித்துக் கேட்கிறோம்

ஆண்டுக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இந்த வட்டாரத்தின் ஒவ்வோர் ஊராட்சியிலும் இந்தச் சாசனத்தைத் தீர்மானமாக வைக்கிறோம். உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22 கிராம சபையில் ஏரி வரைபடம் மேசைமேல் இருக்க வேண்டும். மே 1-க்குள் கோடையில் கால்வாய் காய்ந்திருக்கும்போதே கல் நட்டுவிட வேண்டும். ஆகஸ்ட் 15-க்குள் ஊருக்கு மூன்று வீடாவது பதிவாக வேண்டும், அதில் ஒன்று நிலமில்லாத குடும்பத்தின் வீடாக இருக்க வேண்டும். நவம்பர் 1 அன்று, முதல் மழைக்கு எந்த வரத்துக்காலில் தண்ணீர் வந்தது, எதில் வரவில்லை என்ற பட்டியலை நாங்களே படிப்போம்.

மார்ச் 22 காலை பத்து மணிக்கு நில அளவர் புல வரைபடத்தோடு ஏரிக்கரைக்கு வரட்டும். சங்கிலி பிடிக்க ஆட்களை நாங்கள் தருகிறோம். கல் சுமக்கவும் ஆட்கள் இருக்கிறார்கள்.